மழை நின்ற பிறகும் மீளாத ரேடியோ: வட ஆற்காட்டு ஓடுதளம் ஒன்றில் நடந்த நிகழ்வின் ஆய்வு

பின்னணி

பழைய வட ஆற்காடு மாவட்டத்துக்குள், மலைகள் சூழ்ந்த ஒரு சமவெளியில் அந்தச் சிறிய ஓடுதளம் இருக்கிறது. அங்கே நிறுத்தப்பட்டிருந்த நான்கு இருக்கைப் பயிற்சி விமானத்தில் மழைக்காலத்தில் மட்டும் ரேடியோ தொடர்பு அறுந்துபோனது. அது ஏன் நடந்தது, எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டது, பிறகு என்ன செய்யப்பட்டது என்பதை வரிசையாக எழுதிவைக்கிறேன். ஊர், ஓடுதளம், ஆட்கள் எவருடைய பெயரும் வராது என்ற உறுதியின் பேரில்தான் சம்பந்தப்பட்டவர்கள் பேசினார்கள்.

விமான ரேடியோக்களைப் பழுதுபார்க்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வேலூரில் இருப்பவன் நான். உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளர் ஒருவர் அழைத்ததால் யோசனை சொல்லும் ஆளாகப் போனேன். விமானத்தைத் திறந்ததும் மூடியதும் அவருடைய கையெழுத்தின் கீழ் நடந்தவை.

விமானத்தில் இரண்டு வி.எச்.எஃப். ரேடியோக்கள் இருந்தன. உலகெங்கும் விமானப் பேச்சுக்கென ஒதுக்கப்பட்ட 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் இயங்குபவை. இரண்டுக்கும் தனித்தனி ஆண்டெனா, இரண்டும் கூரையின் மேல். முதல் ரேடியோ புதியது, அதன் இரைச்சல் வடிகட்டி தானாகவே சரிசெய்துகொள்ளும். இரண்டாவது பழையது. அதில் ‘ஸ்குவெல்ச்’ எனப்படும் அந்த வடிகட்டியைக் குமிழ் திருகிக் கையால்தான் வைக்க வேண்டும். இந்த வேறுபாடு பிறகு தேவைப்படும்.

விமானத்துக்குக் கொட்டகை இல்லை. வெட்டவெளியில் கயிறு கட்டி நிறுத்தியிருந்தார்கள். என்ஜினுக்கும் முன்கண்ணாடிக்கும் மட்டும் தார்ப்பாய்.

இந்தப் பகுதியின் மழையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வேலூர் வட்டாரத்தில் மழை இரண்டு விதமாக வரும். ஆகஸ்ட், செப்டம்பரில் பகலெல்லாம் வெயில் கொளுத்தும். மாலையில் ஜவ்வாது மலைப்பக்கம் கறுத்து, இடியோடு கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும். மறுநாள் மீண்டும் வெயில்தான். அக்டோபருக்குப் பிறகு வங்கக்கடலில் தாழ்வுநிலை உருவானால் அது வேறு மழை. பலமாகப் பெய்யாது, விடவும் விடாது. நசநசவென்று நாள்கணக்கில் நீளும். ரேடியோ பற்றிய புகார்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது மழையில்தான் வந்தன. இடிமழையை யாரும் குறை சொல்லவில்லை. இடிமழையில் அவர்கள் பறக்க மாட்டார்கள். அடுத்த நாள் பறக்கும்போது எல்லாம் காய்ந்திருக்கும். ஆகையால் ‘மழைக்கும் ரேடியோவுக்கும் சம்பந்தம் சில நாள் இருக்கிறது, சில நாள் இல்லை’ என்ற குழப்பம் ஒரு பருவம் முழுவதும் நீடித்தது.

குறைக் குறிப்பேடு சொன்னது

விமானத்தின் குறைக் குறிப்பேட்டைத்தான் முதலில் கேட்டு வாங்கினேன். “மழையில் ரேடியோ சரியில்லை.” இந்த ஒரே வாக்கியம் வெவ்வேறு கையெழுத்துகளில் திரும்பத் திரும்ப வந்தது. கேட்கவில்லையா, கேட்கப்படவில்லையா, எந்த ரேடியோ, எவ்வளவு தூரத்தில், எந்த உயரத்தில், மழைக்குள்ளா, மழைக்குப் பிறகா என்பதெல்லாம் எழுதப்படவே இல்லை. ஒவ்வொரு முறையும் முதல் ரேடியோவின் பெட்டியைக் கழற்றிச் சென்னையிலுள்ள பணிமனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அது உலர்ந்த அறையில், உலர்ந்த மேசையில், உலர்ந்த கேபிளில் சோதிக்கப்பட்டு, ‘குறை ஏதும் காணப்படவில்லை’ என்ற சீட்டோடு திரும்பியிருக்கிறது. சீட்டு பொய் சொல்லவில்லை. பெட்டியில் குறை இல்லைதான்.

எழுதியவர்களில் நினைவிருந்தவர்களிடம் பேசி அந்தப் புகார்களை மூன்று கட்டாகப் பிரித்தோம்.

ஒரு கட்டு, ‘சென்னையை அழைத்தோம், பதில் இல்லை’ என்பவை. இவற்றில் பல புகாரே அல்ல. வி.எச்.எஃப். அலை ஏறத்தாழ நேர்கோட்டில் போகும், பூமியின் வளைவு அதை மறைத்துவிடும். அடியில் சொன்ன உயரத்தின் வர்க்கமூலத்தை 1.23 ஆல் பெருக்கினால் அந்த உயரத்திலிருந்து ரேடியோ எட்டும் அடிவானம் கடல்மைலில் கிடைக்கும். வேலூர் சமவெளி கடல்மட்டத்திலிருந்து சுமார் 700 அடி உயரத்தில் இருக்கிறது. தரையிலிருந்து 1000 அடி மேலே சுற்றும் விமானம் கடல்மட்டக் கணக்கில் 1700 அடியில் இருக்கும். அதன் அடிவானம் சுமார் 50 கடல்மைல். வேலூரிலிருந்து மீனம்பாக்கம் நேர்கோட்டில் சுமார் 60 கடல்மைல். எதிர்முனை ஆண்டெனாவின் உயரத்தைக் கூட்டினாலும் விளிம்பில்தான் நிற்கும், நடுவில் குன்றுகள் வேறு. மேகம் தாழ்ந்திருந்ததால் மழை நாட்களில் அவர்கள் தாழ்வாகப் பறந்தார்கள். தாழ்வாகப் பறந்ததால் சென்னை கேட்கவில்லை. பழி மழையின் மேல் விழுந்தது.

இரண்டாவது கட்டில், ‘படபடவென்று வெடிச் சத்தம்’ என்று எழுதப்பட்டவை. தூரத்து மின்னலின் சத்தம் அது. விமானப் பேச்சு இன்றும் அலையின் வலிமையைக் கூட்டிக் குறைத்துக் குரலை ஏற்றும் ஏ.எம். முறையிலேயே நடப்பதால் மின்னலின் துடிப்பு காதில் விழத்தான் செய்யும். மின்னல் ஓய்ந்தால் அதுவும் ஓயும்.

மீதிதான் உண்மையான குறை. அருகிலேயே, ஓடுதளத்தைச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே, தரையில் இருப்பவருக்குக் குரல் உடைந்து கேட்டவை, அல்லது விமானத்துக்கு எதுவுமே கேட்காதவை. நிகழ்வு நாளன்று நடந்ததும் இந்த வகைதான்.

நிகழ்வு நாள்

அது அக்டோபர் இறுதி. முந்தைய நாளிலிருந்தே தூறல். மதியத்துக்குப் பிறகு மேகம் சற்று உயர்ந்து, பார்வைத் தூரம் விதிகளுக்குள் வந்ததால், பயிற்றுநர் ஒருவரும் மாணவர் ஒருவரும் ஓடுதளத்தைச் சுற்றிவரும் பயிற்சிக்குக் கிளம்பினார்கள். பயிற்றுநர் அனுபவசாலி, பெண். மாணவர் குடியாத்தம் பக்கத்துப் பையன். தனியாகப் பறக்கத் தொடங்கிக் கொஞ்ச காலமே ஆகியிருந்தது. தரையில் ஓர் அறையில், கையடக்க ரேடியோவோடு, ராணுவத்தில் சிக்னல் பிரிவிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர். இது கட்டுப்பாட்டுக் கோபுரம் அல்ல. காற்றின் திசையையும் ஓடுதளத்தின் நிலையையும் சொல்லும் தகவல் உதவி மட்டுமே.

கிளம்பும் முன் வழக்கமான ரேடியோச் சோதனை நடந்தது. தெளிவை 1 முதல் 5 வரை எண்ணால் சொல்வது மரபு. 1 என்றால் ஒன்றும் புரியவில்லை, 5 என்றால் முழுத் தெளிவு. தரையில் இருந்தவர் 4 என்றார். இருநூறு அடி தூரத்தில் நிற்கும் விமானத்துக்கு 4 என்பது குறைவு. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தூறலில் அப்படித்தான் இருக்கும் என்ற நம்பிக்கை அதற்குள் வேரூன்றியிருந்தது.

முதல் சுற்றில் குரல் உடைந்தது. இரண்டாவது சுற்றின் பாதியில் தரைக்கு விமானத்திலிருந்து வெறும் மூச்சுச் சத்தம் போல ஒரு கீறல் மட்டும் கேட்டது. விமானத்தில் இருந்தவர்களுக்கு அதுவும் இல்லை, முழு அமைதி. ஆனால் மாணவர் பேசியபோது அவருடைய குரல் அவருடைய ஹெட்செட்டிலேயே தெளிவாகக் கேட்டது. ஆகவே தான் அனுப்புவது போய்ச் சேர்கிறது என்றே நினைத்தார். காதில் திரும்பிக் கேட்கும் அந்தக் குரல், பெட்டி வேலை செய்கிறது என்பதற்குத்தான் சாட்சி. பெட்டிக்கு அப்பால் கேபிளும் ஆண்டெனாவும் என்ன செய்கின்றன என்பதை அது சொல்லாது.

அதே வேளையில் தரையில் ஒரு சிக்கல். கிழக்கு முனையில் வேலி விழுந்திருந்த இடம் வழியாக மாடுகள் ஓடுதளத்துக்குள் வந்துவிட்டன. தரையில் இருந்தவர் அதைச் சொல்லத்தான் திரும்பத் திரும்ப அழைத்துக்கொண்டிருந்தார்.

பயிற்றுநர் எடுத்த முடிவுகள் வருமாறு. முதலில் விமானத்தின் கட்டுப்பாட்டைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டு, இரண்டாவது ரேடியோவுக்கு மாறினார். பதில் வரவில்லை. இரண்டும் போய்விட்டன என்றே அவர் எடுத்துக்கொண்டார். ரேடாருக்கு அடையாள எண்ணை அனுப்பும் கருவியான டிரான்ஸ்பாண்டரில் தொடர்பு இழப்பைக் குறிக்கும் 7600 எண்ணை இட்டார். அந்தத் தாழ்ந்த உயரத்தில் சென்னை ரேடாருக்குத் தெரியாமல் போகக்கூடும் என்று தெரிந்தும் இட்டார், முறை அதுதான். வேறு எங்கும் போக முயலவில்லை. பார்த்துப் பறக்கும் வானிலையில் தொடர்பு அறுந்தால், அதே வானிலைக்குள் இருந்துகொண்டு பொருத்தமான அருகிலுள்ள ஓடுதளத்தில் இறங்குவதுதான் விதி. கிழக்கே போனால் அரக்கோணத்துக் கடற்படை விமானத் தளத்தின் வான்வெளி. அதற்குள் பேச்சில்லாமல் நுழைவதை எண்ணிப் பார்க்கவே முடியாது.

அதற்குப் பிறகு அவர் செய்ததுதான், என் கருத்தில், அன்றைய நாளைக் காப்பாற்றியது. பதில் வராது என்று தெரிந்தும், இரண்டாவது ரேடியோவில் தன் நோக்கத்தை ஒவ்வொரு கட்டத்திலும் சொல்லிக்கொண்டே இருந்தார். “ஓடுதளத்தின் மேலே உயரத்தில் கடந்து காற்றுப் பையைப் பார்க்கப் போகிறோம்.” “இடப்பக்கச் சுற்றில் சேர்கிறோம்.” அவர் சொன்ன ஒவ்வொன்றும் தரையில் தெளிவு 4 அளவில் கேட்டுக்கொண்டிருந்தது. அவருக்கு அது தெரியாது.

தரையில் இருந்தவருக்கோ, தான் கேட்கிறோம், தான் சொல்வது மட்டும் போய்ச் சேரவில்லை என்பது சீக்கிரமே புரிந்தது. சுவர் அலமாரியில் சமிக்ஞை விளக்கு ஒன்று இருந்தது. பேட்டரி செத்துக் கிடந்தது. அவர் உதவியாளரிடம், “தம்பி, வண்டியை எடுத்துக்கொண்டு கிழக்கு முனைக்குப் போ. முகப்பு விளக்கைப் போட்டபடி ஓடுதளத்தின் நடுவிலேயே போ. மாடுகளைத் துரத்து. அவர்கள் மேலே கடக்கும்போது கையை வீசு” என்றார். மேலே கடந்தபோது மோட்டார் சைக்கிள் விளக்கும், அதன் முன்னால் மாடுகளும் பயிற்றுநர் கண்ணில் பட்டன. இறக்கைகளை ஆட்டிக் காட்டிவிட்டு மேலும் ஒரு சுற்று போனார். அடுத்த சுற்றில் ஓடுதளம் காலி. இறங்கினார்கள். யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

இறங்கியதும் தரையில் இருந்தவர் சென்னைக்குத் தொலைபேசியில் தகவல் சொன்னார். எதிர்பார்த்த நேரத்தைத் தாண்டி முப்பது நிமிடம் விமானத்திடமிருந்து செய்தி இல்லையென்றால் தேடலுக்கான முதல் கட்ட எச்சரிக்கை தொடங்கும். அந்த வேலையை யாருக்கும் வைக்கக் கூடாது என்பது அவருடைய கவலை.

தரையில் கவனித்தவை

விமானம் நின்ற பிறகு தரையில் இருந்தவர் ஒரு நல்ல வேலை செய்தார். யாரும் சொல்லாமலேயே, என்ஜின் அணைந்த நிலையில், பேட்டரியை மட்டும் போட்டு, முதல் ரேடியோவில் சோதனை செய்தார். தெளிவு 2. தூறல் அப்போது நின்றிருந்தது. மாலையில் மறுபடி செய்தார், அப்போதும் ஏறக்குறைய அதேதான். மறுநாள் வெயில் வந்தது, நண்பகலில் 5. மூன்றையும் நேரத்தோடு ஒரு தாளில் எழுதிவைத்திருந்தார். நான் போனபோது அந்தத் தாளை நீட்டி, “மழை நின்று இத்தனை நேரமாகியும் சரியாகவில்லை சார். மழைதான் காரணம் என்றால் மழையோடு போயிருக்க வேண்டுமே?” என்று கேட்டார்.

குறிப்பேட்டின் ஒரு பருவத்துப் புகார்களைவிட இந்த ஒரு தாள் எனக்கு அதிகம் சொன்னது.

சந்தேகங்களை விலக்கிய விதம்

மழை ரேடியோ அலையை உறிஞ்சிக்கொள்கிறது என்று ஓடுதளத்தில் பலர் நம்பினார்கள். வீட்டில் டி.டி.எச். டிஷ் மழையில் படம் நின்றுபோவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம், அதிலிருந்து வந்த நம்பிக்கை இது. ஆனால் அந்த டிஷ்ஷுக்கு வரும் அலை 10 கிகாஹெர்ட்ஸுக்கு மேலே. அந்த அலையின் நீளம் சில சென்டிமீட்டர், மழைத்துளியின் அளவு அதற்குப் பொருட்டு. விமானப் பேச்சின் அலை இரண்டு மீட்டருக்கும் மேல் நீளமானது. எந்த மழையும் அதற்கு ஒரு பொருட்டல்ல. ஓடுதளத்துக்கு அருகிலேயே சுற்றும் விமானத்துக்கு இதைக் காரணமாகச் சொல்லவே முடியாது.

அடுத்த சந்தேகம் மழைத்துளி உரசலால் வரும் மின்னேற்றம். துளி, தூசி, பனித்துகள் எது மோதினாலும் விமானத்தின் உடலில் மின்னேற்றம் சேரும். அது இறக்கை முனைகள், வால் முனைகள், சில சமயம் ஆண்டெனாவின் முனை வழியாகவே கசிந்து வெளியேறும்போது ரேடியோவில் இரைச்சல் எழும். பின்விளிம்புகளில் குச்சி போல நீட்டிக்கொண்டிருக்கும் மின்கசிவான்கள் அதை அமைதியாக வெளியேற்றத்தான் இருக்கின்றன. இது உண்மையான தொல்லை, வேகமான விமானங்களில் பெரிய தொல்லை. ஆனால் 100 நாட் வேகத்துக்குள் தூறலில் போகும் பயிற்சி விமானத்தில் பேச்சையே அறுக்கும் அளவுக்கு வராது. மேலும் அதன் அடையாளம் இரைச்சல், அமைதி அல்ல. மழையை விட்டு வெளியே வந்தால் ஓய்ந்துவிடும். என்ஜின் அணைந்து தரையில் நிற்கும் விமானத்தில் அது இருக்க வழியே இல்லை. அந்தத் தாள் இதையும் விலக்கிவிட்டது. என்ஜின் தீப்பொறியின் இரைச்சலும் அதோடு போயிற்று.

மைக்கின் பொத்தானிலோ ஹெட்செட் செருகும் துளையிலோ ஈரம் இருந்திருக்கலாமா? இருந்திருந்தால் இரண்டு ரேடியோவிலும் குரல் ஒரே மாதிரி கெட்டிருக்க வேண்டும். இரண்டாவதில் குரல் நன்றாகப் போயிருக்கிறது.

மிஞ்சியது பெட்டியிலிருந்து கூரை வரை உள்ள வழி. கெட்டு, மெதுவாக, வெயிலில் காய்ந்து சரியாகும் ஒன்று. தண்ணீர் தேங்கும் இடம்.

இரண்டாவது ரேடியோ ஏன் கேட்கவில்லை என்ற கேள்வி தனியாக நின்றது. அதற்கு விடை கிடைக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதன் ஸ்குவெல்ச் குமிழ் கடைசி வரை திருகப்பட்டிருந்தது. மழைக்கால இரைச்சல் பொறுக்காமல் யாரோ இறுக்கிவைத்திருக்கிறார்கள். அப்படி வைத்தால் இரைச்சலோடு பலவீனமான குரலும் சேர்ந்து அடைபடும். தரையில் இருந்ததோ சில வாட் சக்தியுள்ள கையடக்க ரேடியோ, அதுவும் கான்கிரீட் அறைக்குள், குட்டை ரப்பர் ஆண்டெனாவோடு. அதன் குரல் அந்த வாசலைத் தாண்டவில்லை. குமிழைத் தளர்த்தியதும் இரைச்சலுக்கு நடுவே தெளிவாகக் கேட்டது. ஆக, ஒரே நாளில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு குறைகள் சேர்ந்து, ‘இரண்டு ரேடியோவும் செத்துவிட்டன’ என்ற ஒரே தோற்றத்தைக் கொடுத்திருக்கின்றன.

தண்ணீர் ஊற்றிச் செய்த சோதனை

உரிமையாளர் தரப்பில் ஒரு யோசனை வந்தது. அடுத்த தூறலில் ஒரு முறை பறந்து பார்க்கலாம், நானும் கூடவே வரலாம் என்றார்கள். பொறியாளரும் நானும் மறுத்தோம். தரையில் நிறுத்திவைத்தே வரவழைக்கக்கூடிய குறையைத் தேடி வானத்துக்குப் போக வேண்டியதில்லை.

மழை இல்லாத ஒரு நாளில் முதல் ரேடியோவுக்கும் அதன் கேபிளுக்கும் நடுவே அளவுமானி ஒன்றை இணைத்தோம். அனுப்பும் சக்தியில் எவ்வளவு ஆண்டெனாவிலிருந்து திரும்பி வருகிறது என்பதை அது காட்டும். நிலை அலை விகிதம் என்று அதைச் சொல்வார்கள். 2-க்குள் இருந்தால் நல்லது. 3 ஆனால் அனுப்புவதில் கால் பங்கு திரும்பி வருகிறது என்று பொருள். உலர்ந்த நிலையில் அளந்தபோது 2-க்குக் கீழேதான் இருந்தது. பணிமனைக்காரர் வந்து பார்த்திருந்தாலும் நல்ல ஆண்டெனா என்றே சொல்லியிருப்பார்.

பிறகு ஏணி போட்டு, தோட்டத்துப் பூவாளியால் கூரையின் மேல் ஆண்டெனாவின் அடியில் தூறல் போலத் தண்ணீர் ஊற்றினோம். உடனே ஒன்றும் நடக்கவில்லை. உரிமையாளர் சிரித்தார். ஊற்றிக்கொண்டே இருக்கச் சொன்னேன். கால்மணி நேரம் கடந்ததும் முள் ஏறத் தொடங்கி, 3-ஐத் தாண்டியது. ஊற்றுவதை நிறுத்திய பிறகும் இறங்கவில்லை. தரையிலிருந்த தோழர் தன் ரேடியோவில் 2 என்றார்.

இடிமழையில் புகார் இல்லாமல், விடாத தூறலில் மட்டும் வந்ததற்கு இதுவும் ஒரு விளக்கம். தண்ணீர் உள்ளே போக நேரம் வேண்டியிருந்தது.

திரும்பி வரும் சக்தி மட்டுமே பேச்சை இவ்வளவு கெடுக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கால் பங்கு போனாலும் முக்கால் பங்கு வெளியேறும், அருகிலிருப்பவருக்கு அது தாராளம். அளவுமானி பெட்டியின் பக்கம் இருந்ததால், கேபிளுக்குள்ளேயே கரைந்துபோகும் சக்தி அதன் கண்ணில் படாது. மேலே நிலைமை முள் காட்டியதைவிட மோசமாக இருக்க வேண்டும் என்பது அப்போதே தெரிந்தது.

திறந்து பார்த்தபோது

பொறியாளர் உட்கூரைத் துணியைக் கழற்றினார். ஆண்டெனாவின் திருகுகளைத் தளர்த்தி மேலே தூக்கியதும் மூக்கைத் துளைக்கும் வினிகர் வாசனை.

ஆண்டெனாவின் அடியில் இருக்க வேண்டிய ரப்பர் படுகை நைந்து போயிருந்தது. முந்தைய மழைக்காலத்தில் கசிவைப் பார்த்த யாரோ, ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் குளியலறை சிலிக்கான் பசையை அடியைச் சுற்றிப் பூசியிருக்கிறார்கள். நல்லெண்ணத்தில் செய்ததுதான். அந்த வகைப் பசை இறுகும்போது அசிட்டிக் அமிலத்தை வெளியிடும், வாசனை அதனுடையது. மூடிய இடத்தில் அந்த அமிலம் அலுமினியத்தையும் செம்பையும் அரிக்கும். விமானத்துக்கென்று அங்கீகரிக்கப்பட்ட பசைகள் வேறு, அவற்றில் இந்த அமிலம் கிடையாது. போதாக்குறைக்கு, பசை முன்புறம் ஓர் இடத்தில் விட்டுப்போயிருந்தது. தண்ணீர் அதன் வழியே உள்ளே போயிற்று. மற்ற பக்கங்களில் பசை நன்றாக ஒட்டியிருந்ததால் வெளியேற வழியில்லை.

கூரைத் தகட்டில் ஆண்டெனா உட்காரும் இடம் வெள்ளைப் பொடியாகப் பூத்திருந்தது, அலுமினியம் அரித்த தடயம். இந்த வகை ஆண்டெனாவுக்கு விமானத்தின் உலோக உடல்தான் மறுபாதி. இரண்டும் உலோகத்தோடு உலோகமாகத் தொட வேண்டும். இங்கே திருகுகள் வழியாக மட்டுமே ஏதோ தொடர்பு இருந்தது.

கேபிளின் நிலைதான் மோசம். ஆண்டெனாவிலிருந்து அது நேராகக் கீழே தொங்கியது. வழக்கமாக அடியில் ஒரு வளைவு விட்டுக் கட்டுவார்கள், வழியும் தண்ணீர் வளைவின் கீழ்முனையில் சொட்டிவிடும். அந்த வளைவு இல்லாததால் தண்ணீர் கனெக்டருக்குள்ளேயே இறங்கியிருந்தது. கனெக்டர் பச்சை பூத்திருந்தது. மேலுறையைக் கீறிப் பார்த்தால் உள்ளே செம்புப் பின்னல் ஒரு சாண் நீளத்துக்குக் கறுத்துப்போயிருந்தது. பின்னல் திரி போலத் தண்ணீரை உறிஞ்சி இழுத்துக்கொள்ளும். ஒரு பொருள் மின்புலத்தை எவ்வளவு தேக்கும் என்பதைச் சொல்லும் மின்காப்பு மாறிலி பாலித்தீன் காப்புக்குச் சுமார் 2.3, தண்ணீருக்கோ 80 அளவில். கேபிளுக்குள் நீர் புகுந்த இடத்தில் கேபிள் கேபிளாக இருப்பதில்லை. அங்கே அலை பாதி திரும்பும், பாதி சூடாகக் கரையும். அனுப்புவதற்கும் கேட்பதற்கும் ஒரே வழிதான் என்பதால் இரண்டும் சேர்ந்தே நலிந்தன. வந்த பலவீனமான குரலை முதல் ரேடியோவின் தானியங்கி ஸ்குவெல்ச் இரைச்சல் என்று எண்ணி அடைத்தது. விமானத்தில் இருந்தவர்களுக்கு முழு அமைதி கிடைத்தது இப்படித்தான்.

செய்த மாற்றங்கள்

உரிமையாளர் கனெக்டரை மட்டும் மாற்றினால் போதாதா என்று கேட்டார். செலவுக் கணக்கில் நியாயமான கேள்வி. கறுத்த பின்னலில் புதுக் கனெக்டரைப் போட்டால் உலர்ந்த நாளில் நன்றாக இருக்கும், அடுத்த ஐப்பசியில் இதே இடத்தில் நிற்போம் என்று பொறியாளர் சொன்னார். கேபிள் முழுவதும் மாற்றப்பட்டது. இந்த முறை வெள்ளி பூசிய இரட்டைப் பின்னலும் டெஃப்லான் காப்பும் உள்ள விமானத் தரக் கேபிள், கீழே வளைவு விட்டுக் கட்டப்பட்டது.

தகட்டின் அரிப்பைச் சுரண்டி, வெற்று உலோகம் தெரியும் வரை சுத்தம் செய்து, அரிப்பைத் தடுக்கும் பூச்சு கொடுத்து, புதிய படுகையோடு ஆண்டெனா அமர்த்தப்பட்டது. அடிக்கும் உடலுக்கும் இடையே மின்தடை சில மில்லி ஓமுக்குள் இருப்பதை அளந்த பிறகே விளிம்பைச் சுற்றி அங்கீகரிக்கப்பட்ட பசை பூசப்பட்டது. இந்த வரிசை முக்கியம். பசையை முதலில் பூசிவிட்டு அளந்தால் அளவு சரியில்லாதபோது யாருக்கும் மறுபடி பிரிக்க மனம் வராது.

இரண்டாவது ரேடியோவின் குமிழுக்கு அருகே, இரைச்சல் கேட்கத் தொடங்கும் இடத்தில் ஒரு வெள்ளைக் கோடு. ஒவ்வொரு கிளம்பலுக்கும் முன் கோட்டில் இருக்கிறதா என்று பார்ப்பது சோதனைப் பட்டியலில் சேர்ந்தது.

பிறகு

பூவாளிச் சோதனை மறுபடி நடந்தது, இந்த முறை ஒரு மணி நேரத்துக்கும் மேல். முள் அசையவில்லை. அதன் பிறகே தூறலில் பறந்தார்கள். ஓடுதளத்தைச் சுற்றிலும் 5, மலைப்பக்கம் போய்த் திரும்பும்போதும் தரையில் நன்றாகக் கேட்டது. கார்த்திகை முழுவதும் முதல் ரேடியோ பற்றி ஒரு புகாரும் இல்லை.

ஒரே ஒரு முறை, பலத்த தாரை ஒன்றின் ஓரத்தைக் கடந்தபோது கரகரப்பு வந்து, வெளியேறியதும் நின்றதாக எழுதியிருந்தார்கள். அது உரசல் மின்னேற்றமாக இருக்கலாம். பார்த்ததில் வலது பின்விளிம்பில் ஒரு மின்கசிவான் முறிந்திருந்தது, மாற்றப்பட்டது. இந்தப் புகார் எழுதப்பட்ட விதம் எனக்கு மிகவும் பிடித்தது. எந்த ரேடியோ, என்ன உயரம், எங்கே தொடங்கி எங்கே நின்றது எல்லாம் அதில் இருந்தது. எழுதியவர் அந்தக் குடியாத்தம் மாணவர்.

மறுபடி நடந்தால்

தெளிவு 4 என்ற பதிலோடு கிளம்பியதைப் பயிற்றுநரே முதலில் எடுத்துச் சொன்னார். அருகில் நிற்கும்போது 5 இல்லையென்றால் கிளம்புவதில்லை என்பது இப்போது அங்கே எழுதப்பட்ட விதி. இது கொஞ்சம் கடுமை என்று சிலர் முணுமுணுத்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விமானத்தை நிறுத்திவைத்துச் சோதிக்கும்போதே சக்தி வீணாகிறது என்றால் ஐந்து கடல்மைல் தள்ளி அது என்ன ஆகும் என்று சொல்ல முடியாது.

புகார் எழுதும் தாள் மாறியது. ‘மழையா’ என்று மட்டும் கேட்காமல், ‘மழை தொடங்கி எவ்வளவு நேரத்தில் குறை வந்தது, நின்று எவ்வளவு நேரத்தில் போயிற்று’ என்று அது கேட்கிறது. மழையோடு வந்து மழையோடு போனால் மின்னேற்றம் அல்லது மின்னல். மெதுவாக வந்து காய்ந்த பிறகே போனால் தேங்கிய நீர். ஈரத்தில் கூடி, காய்ந்தும் முழுதாகப் போகாவிட்டால் அரிப்பு முற்றிவிட்டது. பணிமனைக்குப் பெட்டியை அனுப்பும் முன் இந்த இரண்டு நேரங்களும் தாளில் இருக்க வேண்டும்.

தரையில் கையடக்க ரேடியோவுக்கு அறையின் மொட்டைமாடியில் வெளி ஆண்டெனா போட்டார்கள். சமிக்ஞை விளக்குக்குப் புதுப் பேட்டரி வந்தது. மாதத்தின் முதல் திங்கட்கிழமை அதை எரியவிட்டுப் பார்ப்பது தரையில் இருப்பவரின் பொறுப்பு. நிலையான பச்சை, நிலையான சிவப்பு, மின்னும் சிவப்பு ஆகியவற்றின் பொருளை மாணவர்களுக்கு அவரே பாடம் எடுக்கிறார்.

கூரை முழுவதையும் மூடும் தார்ப்பாய் தைத்து வந்துவிட்டது. வேலி இன்னும் சரிசெய்யப்படவில்லை. அந்த இடம் பக்கத்து நிலத்துக்காரரோடு எல்லைத் தகராறில் இருப்பதால் அளவையர் வந்து கல் நடும் வரை கிழக்கு முனையில் ஓர் ஆள் நிற்கிறார்.